பார் பில்லும் பிரியாணித் தட்டும்: 29 பேர் கூடிய ஹோட்டல் பார்ட்டியின் கணக்கு

ஹோட்டலில் பார்ட்டி வைப்பது பெரிய விஷயமில்லை. ஹால் இருக்கிறது, சமைக்க ஆள் இருக்கிறது, பரிமாற ஆள் இருக்கிறது. பார்ட்டி முடிந்து பில்லைப் பங்கு போட்ட பிறகும் எல்லோரும் பேசிக்கொள்கிறார்களா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இதழியல் டிப்ளமோ முடித்து ஐந்து வருடமான எங்கள் பேட்ச், சென்னையில் ஒருநாள் மாலை கூடுவது என்று முடிவானது. 34 பேர் கொண்ட வாட்ஸ்அப் குரூப். ‘டிஜிட்டல் டெஸ்க்ல இருக்கிறவ, எக்செல் தெரிஞ்சவ’ என்ற ஒரே தகுதியில் வரவு செலவுப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. சம்பளம் என்று பார்த்தால் நாங்கள் ஒரே மாதிரி இல்லை. ஒருவன் ஐ.டி நிறுவனத்துக்குப் போய்விட்டான். இரண்டு பேர் டி.வி சேனலில். ஒருத்தி பள்ளி ஆசிரியை. நான்கைந்து பேர் மாவட்டங்களில் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் பகுதிநேர நிருபர்கள்.

குடிப்பவர்கள் இருக்கிறார்கள், குடிக்காதவர்கள் இருக்கிறார்கள், குடிப்பதை வீட்டுக்குச் சொல்லாதவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு பேருக்கும் ஒரே பில்!

முதலில் தேதி

பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைப்பது அபூர்வம். அதனால், “ஆகஸ்ட் 15 வெச்சுக்கலாம்” என்று ஒருவன் எழுதினான். அன்றைக்கு பார் திறக்காது. தமிழ்நாட்டில் திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி ஆகியவை மதுவிலக்கு நாள்கள். டாஸ்மாக் கடைக்கு மட்டுமல்ல, ஹோட்டல் பாருக்கும் இது பொருந்தும். தேர்தல் என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் அப்படித்தான்.

“அப்போ பாண்டிச்சேரி போயிடலாம்டா, சரக்கு விலை கம்மி” என்றது இன்னொரு குரல். சரக்கில் மிச்சமாகும் பணம் வேனுக்கும் ரூமுக்கும் போய்விடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். இரவு தங்கவேண்டும் என்றாலே பாதிப் பெண்கள் வரமாட்டார்கள் என்பதை இன்னொருத்தி போட்டு உடைத்தாள். கடைசியில் சென்னையே, ஒரு சனிக்கிழமை மாலையே என்று முடிவானது.

அடுத்து இடம். நண்பன் ஒருவன் சொந்தக்காரரின் மினி ஹாலைச் சொன்னான். வாடகை குறைவுதான். ஆனால், உரிமம் இல்லாத இடத்தில் மது பரிமாற முடியாது. 2023 ஏப்ரலில் தமிழக அரசு சிறப்பு உரிமம் பெற்று திருமண மண்டபங்களிலும் மது பரிமாறலாம் என்று அறிவித்து, கடும் எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபம் என்ற பகுதியைத் திரும்பப் பெற்றது பலருக்கு நினைவிருக்கும். ஆகவே, பார் உரிமம் உள்ள ஹோட்டல்தான் ஒரே வழி. அங்கும் ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும்: “எங்களுக்குக் கொடுக்கிற ஹாலிலேயே பரிமாற உங்கள் உரிமத்தில் இடமிருக்கிறதா, எத்தனை மணி வரை?” நாங்கள் கேட்டோம். பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொண்டோம்.

ஹோட்டல் தந்த முதல் கணக்கு

பேங்க்வெட் மேனேஜர் அனுப்பிய கொட்டேஷன் இப்படி இருந்தது: பஃபே சாப்பாடு, நான்கு வகை ஸ்டார்ட்டர், ஐஸ்க்ரீம் எல்லாம் சேர்த்து தலைக்கு 1,400 ரூபாய். இரண்டரை மணி நேரம் அளவில்லாத பார் பேக்கேஜ், தலைக்கு 1,800 ரூபாய். குறைந்தது 30 பேர். சாப்பாட்டுக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 10 சதவிகிதம் சர்வீஸ் சார்ஜ்.

30 பேருக்கு சாப்பாடு 42,000. அதற்கு ஜி.எஸ்.டி 7,560. பார் 54,000. சர்வீஸ் சார்ஜை விட்டுவிட்டுப் பார்த்தாலே 1,03,560 ரூபாய். தலைக்கு 3,452.

இதை குரூப்பில் போட்ட அரை மணி நேரத்தில் கட்டைவிரல் சின்னங்கள் விழுந்தன. கூடவே, “சாரி, அன்னிக்கு டியூட்டி” என்று இரண்டு பேர். அதில் ஒருத்தி மாவட்ட நிருபர். டிப்ளமோ படித்தபோது ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில். இரவு போன் செய்தேன். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, “மூவாயிரத்து ஐந்நூறுன்னா எனக்கு ஒரு மாசப் பெட்ரோல்டி. நான் குடிக்கிறதுகூட இல்ல. ஆனா அதை குரூப்ல சொன்னா, ‘பரவால்ல, உனக்கு நாங்க போடுறோம்’னு சொல்வாங்க. அதுக்கு வராமலே இருக்கலாம்” என்றாள்.

அடுத்த நாள் இன்னொரு நண்பன் தனியாக மெசேஜ் அனுப்பினான். அவன் குடியை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் பேட்ச்சில் இரண்டு மூன்று பேருக்குத்தான் அது தெரியும். அவன் கேட்டது ஒரே கேள்வி: “பார் கவுன்டரை எங்க போடுவாங்க?”

இந்த இரண்டு பேரும் வரக்கூடிய மாதிரி ஒரு மாலையை அமைக்கமுடியுமா என்பதுதான் அதன் பிறகு என் கணக்காக இருந்தது.

சாப்பாடு பொது, மது தனி

முதல் வேலை, பில்லை இரண்டாக உடைப்பது. சாப்பாடு எல்லோருக்கும் பொது. மது, குடிப்பவர்களின் கணக்கு. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், யார் குடிப்பார்கள் என்று எப்படிக் கணக்கெடுப்பது?

குரூப்பில் ஒரு போல் போடலாம் என்றார்கள். போல் என்றால் யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், ஒரு பெண்ணின் வீட்டில் ஒரு வாரத்துக்குச் சண்டை நடக்க. ஆண்களிலும் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் இருந்தார்கள். அதனால், பதில் எனக்கு மட்டும் வரும் ஆன்லைன் படிவம் ஒன்றை அனுப்பினேன். சைவமா அசைவமா, மதுக் கணக்கில் சேருகிறீர்களா, என்றால் பீரா, விஸ்கி-வோட்காவா, ஒயினா. அவ்வளவுதான். 31 பேர் வருவதாகச் சொன்னார்கள். மதுக் கணக்கில் சேர்ந்தவர்கள் 11 பேர் மட்டுமே.

முதல் கொட்டேஷனில் இருந்த அநியாயம் இப்போது தெளிவாகத் தெரிந்தது. 11 பேர் குடிக்க, 30 பேரும் தலைக்கு 1,800 ரூபாய் கட்டியிருப்போம்.

ஹோட்டல்களில் பார் சேவை பொதுவாக மூன்று வகை. மணிக்கணக்கில் அளவில்லாத பேக்கேஜ். திறந்ததற்கும் ஊற்றியதற்கும் மட்டும் பில் போடும் முறை. அவரவர் வாங்கி அவரவரே காசு கொடுக்கும் முறை. பெரும்பாலானோர் நன்றாகக் குடிக்கும் கூட்டம் என்றால்தான் பேக்கேஜ் கட்டுப்படியாகும். எங்கள் ஹோட்டல் 11 பேருக்கு மட்டும் பேக்கேஜ் தர ஒப்புக்கொள்ளவில்லை. மற்றவர்களும் எடுத்துக் குடிக்கலாம் என்ற சந்தேகம். அது நியாயமான சந்தேகம்தான். ஆகவே, ஊற்றியதற்கு மட்டும் பில் என்ற இரண்டாவது முறையைக் கேட்டு வாங்கினோம்.

லார்ஜும் இலைக் கணக்கும்

இதற்கு ஒரு மதிப்பீடு வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு, அதன் பிறகு மணிக்கு ஒன்று என்பது விருந்துத் தொழிலில் பழகிய கணக்கு. எங்கள் இரண்டரை மணி நேரத்துக்கு ஆளுக்கு மூன்று என்று வைத்துக்கொண்டேன். பீர் 5 பேர், 330 மி.லி பாட்டில் 15. விஸ்கி, வோட்கா 4 பேர், லார்ஜ் 12. ஒயின் 2 பேர், கிளாஸ் 6.

ஒரு லார்ஜ் என்பது 60 மி.லி. 750 மி.லி பாட்டிலில் 12 லார்ஜ் ஊற்றியபிறகு 30 மி.லி மிஞ்சும். அதே அளவு ஒயின் பாட்டிலில், கிளாஸுக்கு 150 மி.லி என்றால் 5 கிளாஸ். பாட்டில் கணக்கில் பில் போட்டால் இந்த எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம்.

வரி சேர்த்து பீர் 400, லார்ஜ் 600, ஒயின் கிளாஸ் 650 என்றது ஹோட்டல். 6,000, 7,200, 3,900. மொத்தம் 17,100 ரூபாய். 54,000 எங்கே, 17,100 எங்கே!

இந்தத் தாளை சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அம்மா கையில் தாள். “லார்ஜ் 12, ஸ்மால் 24... என்னடி இது, துணிக்கடை ஸ்டாக்கா?” என்றார். சொன்னேன். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நீ குடிக்கிறியா?” என்றார். “இல்லம்மா, கணக்குதான் எழுதுறேன்” என்றேன். அது உண்மை. அதன் பிறகு அம்மா கேட்டது என் வேலையையே எளிதாக்கியது: “சாப்பாட்டுக்கு எத்தனை இலை சொல்லியிருக்க?”

கல்யாண வீட்டு இலைக் கணக்குதான் ஹோட்டலின் தட்டுக் கணக்கும். நாம் உறுதி சொல்லும் எண்ணிக்கை ஒன்று, உண்மையில் வரும் எண்ணிக்கை ஒன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 31 பேர் வருவதாகச் சொன்னார்கள் என்று 31 சொல்லி, 28 பேர் வந்தால் மூன்று தட்டுக்குச் சும்மா பணம் கட்டவேண்டும். “வர்றேன்னு சொல்றவங்கள்ல பத்துக்கு ஒருத்தர் வரமாட்டாங்க. 28 சொல்லு. மூணு நாலு பேர் கூட வந்தா சமாளிப்பாங்களான்னு கேட்டுக்கோ” என்றார் அம்மா. 10 சதவிகிதம் வரை கூடுதலாகத் தயார் வைப்போம் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டார்.

ஸ்டார்ட்டரிலும் அம்மா ஒரு விஷயம் சொன்னார். “முதல் பந்தியிலேயே ஸ்வீட்டைக் காலி பண்ணிடுவாங்க, பார்த்துக்கோ.” இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு ஏழு துண்டு என்று வைத்தால் 30 பேருக்கு 210 துண்டு. அது தீர்வதும் தீராததும் எங்கே சுற்றுகிறது என்பதைப் பொறுத்தது. தட்டு எப்போதும் மது இருக்கும் மேஜையைச் சுற்றியே வரும். அங்கே சிக்கன் 65 பறந்துவிடும், மறுகோடியில் லைம் சோடாவோடு இருப்பவர்களுக்குக் காலித் தட்டுதான். அதனால், இரண்டு பேர் பரிமாறவேண்டும், ஒருவர் மறுகோடியில் இருந்து தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். சைவ ஸ்டார்ட்டருக்குத் தனித் தட்டு.

குடிக்காதவர்களுக்குக் குளிர்பானம் மட்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை. நன்னாரி சர்பத், லைம் சோடா, ஒரு பழச்சாறு ஆகியவற்றை 1,400 ரூபாய்க்குள்ளேயே சேர்க்கச் சொன்னோம். சேர்த்தார்கள். தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் ஜக்கில் வடிகட்டிய தண்ணீர். ஹோட்டல்கள் தண்ணீர் பாட்டிலை எம்.ஆர்.பி-க்கு மேல் விற்கலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், அந்த பாட்டில்கள் சத்தமில்லாமல் பில்லை ஏற்றும்.

பில்லில் பார்க்கவேண்டியவை

அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களின் உணவகத்தில் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. மற்ற உணவகங்களில் 5 சதவிகிதம். மதுவுக்கு ஜி.எஸ்.டி-யே கிடையாது, மாநில அரசின் வாட் வரிதான். ஆகவே சாப்பாட்டுக்கும் மதுவுக்கும் தனித்தனி பில் கேளுங்கள். இரண்டையும் கூட்டி மொத்தத்துக்கும் ஜி.எஸ்.டி போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம்.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. இதைச் சொன்னதும் மேனேஜர் பேச்சை வளர்க்காமல் எடுத்துவிட்டார். பரிமாறியவர்களுக்கு நாங்களே கையில் 2,000 ரூபாய் கொடுத்தோம்.

மூன்று தொகை, ஒரே சாப்பாடு

மதுவைப் பிரித்த பிறகும் சாப்பாடு வரியோடு தலைக்கு 1,652 ரூபாய். என் ஹாஸ்டல் தோழிக்கு அதுவும் கனம்தான். அதனால் படிவத்தில் மூன்று தொகை வைத்தேன்: 1,000, 1,700, 2,500. எது முடியுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். காரணம் கேட்கமாட்டேன், யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். இது எடுபடுமா என்று பயம் இருந்தது. எல்லோரும் ஆயிரத்தைத் தொட்டால் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழும்.

அப்படி நடக்கவில்லை. கடைசியில் வந்தவர்கள் 29 பேர். அதில் 1,000 கொடுத்தவர்கள் 7 பேர், 1,700 கொடுத்தவர்கள் 13 பேர், 2,500 கொடுத்தவர்கள் 9 பேர். மொத்தம் 51,600 ரூபாய். சாப்பாட்டு பில் வரியோடு 47,908. மீதி 3,692-ல் பரிமாறியவர்களுக்கான 2,000 போக, மிச்சம் இரண்டு தோழிகளின் டாக்ஸிக்கும் கேக்குக்கும் போனது.

மதுக் கணக்கில் 11 பேரிடமும் முன்கூட்டியே தலைக்கு 1,800 வாங்கி வைத்தேன். கையில் 19,800. “15,000 தொட்டதும் என்னிடம் சொல்லுங்கள், 19,800-ஐத் தாண்டி யார் கேட்டாலும் ஊற்றாதீர்கள்” என்று பார் ஊழியரிடம் எழுதிக் கொடுத்தோம். ஆர்டர் சொல்ல இரண்டு பேருக்கு மட்டுமே அனுமதி. காலி பீர் பாட்டில்களை அப்புறப்படுத்தாமல் ஒரு பெட்டியில் போடச் சொன்னோம், கடைசியில் எண்ணிப் பார்க்க. பீர் 17, லார்ஜ் 13, ஒயின் 5. 17,850 ரூபாய். மீதி 1,950-ஐ ஆளுக்கு 177 ரூபாயாக அன்று இரவே திருப்பி அனுப்பினேன். அந்த 177 ரூபாய்க்கு வந்த நன்றிகள் அதிகம்!

“பீர்தானே, நான் வண்டி ஓட்டிப்பேன்” என்ற வசனம் அன்றும் வந்தது. 8 சதவிகித ஸ்ட்ராங் பீர் 650 மி.லி பாட்டில் ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், விஸ்கி இரண்டு லார்ஜுக்குச் சமம். 100 மி.லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மதுக் கணக்கில் சேர்ந்த 11 பேரும் வண்டி எடுத்து வரக் கூடாது என்பதைப் படிவத்திலேயே போட்டிருந்தோம். ஒருவன் எடுத்து வந்தான். சாவி இரவு முழுக்க எங்கள் ஆசிரியைத் தோழியின் கைப்பையில் இருந்தது.

பார் கவுன்டர் எங்கே?

ஹாலின் வாசலை ஒட்டித்தான் பார் மேஜையைப் போடுவது அந்த ஹோட்டலின் வழக்கம். உள்ளே வருகிற எல்லோரும் அதைக் கடந்துதான் வரவேண்டும். அதை உள்மூலைக்கு மாற்றச் சொன்னோம். வாசல் பக்கம் சர்பத் மேஜை வந்தது. பஃபேயை மது முடியும்வரை காக்க வைக்காமல் எட்டு மணிக்கே திறக்கச் சொன்னோம். சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்பவேண்டியவர்களுக்கு அது வசதி. குரூப்பில் ஒரே ஒரு விதி போட்டேன்: “வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, ‘ஒண்ணே ஒண்ணு’ன்னு ரெண்டாவது தடவை கேட்கக் கூடாது. காரணமும் கேட்கக் கூடாது.” யாருக்காக என்று எழுதவில்லை. கர்ப்பமாக இருந்த ஒருத்தி, விரதத்தில் இருந்த ஒருவன், மாத்திரை சாப்பிடும் ஒருத்தி என எல்லோருக்கும் அது உதவியது.

அவன் வந்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நன்னாரி சர்பத் மூன்று கிளாஸ் குடித்தான். பாடச் சொன்னதும் பழைய மாதிரியே சுருதி விலகப் பாடினான். ஒன்பது மணிக்குக் கிளம்பும்போது, “மேஜையை நகர்த்தினது நீதானே?” என்று மட்டும் கேட்டான். ஹாஸ்டல் தோழி 1,000 ரூபாய் அனுப்பியிருந்தாள், கடைசி ரயிலுக்கு ஓடும்வரை இருந்தாள். அவள் எவ்வளவு கொடுத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. 2,500 கொடுத்தவர்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

எங்களுக்கு அடுத்த பேட்ச்காரர்கள் இப்போது இந்த எக்செல் தாளைக் கேட்டிருக்கிறார்கள். அனுப்பிவிட்டேன். லார்ஜ், தட்டு, வரி எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரிசையில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறேன்: ‘இந்த ஏற்பாட்டால் வரமுடியாமல் போகிறவர் யார்?’ தேதி, இடம், பார் என்று எதை முடிவு செய்வதற்கு முன்பும் இதற்குப் பதில் எழுதிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.